இறுக்கிக் கட்டிய வயிறு

கடைசிப் பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம். கொடிக்கால் வரப்பில் வெற்றிலைக் கூடையைத் தூக்கினேன். கால்களுக்கு நடுவே ஏதோ வழவழவென்று, கோழிமுட்டை அளவில், வெளியே வந்து நின்றது. சேலை நனைந்தது. கூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவள், செத்தேன் என்றே நினைத்தேன்.

படுத்தால் உள்ளே போகும், நடந்தால் இறங்கும். தும்மினால் ஈரம். கொடிக்காலுக்குத் தீட்டு ஆகாது. இதுவும் தீட்டோ என்று பயந்து அங்கே போவதையே விட்டேன். பிழைப்பே அதுதான்.

அத்தையிடம் (என் மாமியார்) அழுதபடி சொன்னேன். பழஞ்சேலையைக் கிழித்து என் வயிற்றை இறுக்கிக் கட்டினார். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் வழக்கமான கட்டுதான். அத்தை இடுப்பிலும் எப்போதும் ஒன்று இருக்கும். இடுப்பு வலிக்கு என்று எண்ணியிருந்தேன். கட்டக் கட்ட எனக்கு இறக்கம் அதிகமானது. இன்னும் இறுக்கினோம். ஒரு காலையில் மூத்திரமே நின்றுபோனது.

வீட்டுக்காரர் பதறிப்போய், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் எங்கள் இருவரையும் சேலத்துக்குக் கூட்டிப்போனார். லேடி டாக்டர் குழாய் வைத்து மூத்திரத்தை இறக்கினார். சிறுநீர்ப்பை இறக்கம் (அடிச்சதை தளர்ந்து, மூத்திரப்பை கீழே சரிவது) என்றார். பிறகு என் கட்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார்.

"மேலே இறுக்கினா கீழேதானம்மா வரும்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருந்தென்று கட்டியதே என்னைப் பிதுக்கியிருக்கிறது. இறங்காமல் தாங்க உள்ளே ஒரு ரப்பர் வளையம் வைத்தார். மூத்திரத்தை அடக்கும் சதையை உள்ளிழுத்துப் பிடித்து, விட்டுப் பழகச் சொன்னார். இதைப் படிக்கும் நீங்களும் இறக்கத்துக்கு வயிற்றைக் கட்டாதீர்கள். டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.

அப்போதுதான் அத்தை வாய் திறந்தார்.

"ஏனுங்கம்மா, இது நோவுங்களா? எல்லாப் பொம்பளைக்கும் எறங்கறதுதானுங்களே? இவ ஊட்டுக்காரன் பொறந்தப்பவே எனக்கு எறங்கிப்போச்சுங்க."

டாக்டர் அத்தையையும் படுக்கவைத்துப் பார்த்தார். அத்தைக்கும் அன்றே வளையம் வைத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் மெல்ல உட்கார்ந்தவர், என் கையைப் பிடித்தார்.

"உக்கார்றதுன்னா இப்படித்தான் இருக்குமா சாமி?"

என் சதை தேறிவிட்டது, வளையத்தை எடுத்தாயிற்று. கூடை மட்டும் தூக்குவதில்லை. சனிக்கிழமை வீட்டுக்காரருக்கு எண்ணெய் தேய்க்கையில்தான் இன்னும் கை நின்றுவிடுகிறது. அவர் தலையில் பாதி நரைத்துவிட்டது. அவருக்கு எத்தனை வயதோ, அத்தனை காலம் அத்தை அதோடு நடந்திருக்கிறார்.