கரடியூர்ச் சரிவில் ஐம்பது சென்ட் நிலம்

திருச்சியில் எங்கள் பெற்றோர் வீட்டை விற்றதில் கிடைத்த பங்குப் பணம் என்னிடமும் தங்கை மலர்விழியிடமும் ஒரு வருடமாக வங்கியில் சும்மா கிடந்தது. மஸ்கட்டில் கணக்காளராக வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மலருக்கு நகரத்தில் இருக்க மனமில்லை. ஏற்காட்டில் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் வாங்கி, தான் குடியிருக்க ஒரு வீடும் விருந்தினர் தங்க இரண்டு அறைகளும் கட்ட வேண்டும் என்பது அவளுடைய திட்டம். எனக்கு அது முதலீடு. அவளுக்கோ மீதி வாழ்க்கை. அந்த வித்தியாசத்தோடுதான் போன ஐப்பசியில் நான்கு நாள் பயணமாகக் கிளம்பினோம். மலையில் நிலம் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சேலம் ஜங்ஷனில் இறங்கி வாடகைக் கார் எடுத்தோம். ஏற்காடு டவுன் வரை 1,500 ரூபாய். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. (வயிறு புரட்டுகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். நான் உட்காராமல் பட்டேன்.) டவுனிலிருந்து நாகலூருக்கு ஆட்டோ 350. பஸ்ஸும் உண்டு, அடுத்த பஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டு நிற்கப் பொறுமை இருந்தால்.

நாகலூரில் ஏரிக்கரையோ படகோ கிடையாது. சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் அடியில் காப்பிச் செடியும்தான் எல்லாப் பக்கமும். கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் சபீரா அக்கா மாடியில் ஒரு பகுதியை நாள் வாடகைக்கு விடுகிறார், அங்கேதான் தங்கினோம். நாளுக்கு 1,200 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. அவருடைய குடும்பம் சேலத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டது. பேச்சு குறைவு, வேலை அதிகம்.

மறுநாள் காலை தரகர் செல்வம் வந்தார். சேலத்துக்காரர், ஃபோனிலேயே எங்களோடு மூன்று மாதம் பேசியிருந்தவர். நிலம் கரடியூர் போகும் வழியில் இருந்தது. தார்ச்சாலையில் அவருடைய காரை நிறுத்திவிட்டு, ஓடை ஒன்றை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இறங்கினோம். ஐப்பசி மழையில் பாறையெல்லாம் வழுக்கியது. ஆனால் போய்ச் சேர்ந்த இடம் அழகாகத்தான் இருந்தது. ஐம்பது சென்ட், காய்க்கிற காப்பி, இரண்டு பெரிய பலா மரங்கள், கீழே பள்ளத்தாக்கு. மலர் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, சமையலறை எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கேட்ட விலை இருபத்தைந்து லட்சம்.

கட்டுமானச் சாமான் எப்படி வரும் என்று கேட்டேன். செல்வம் மேற்கே கை காட்டினார். அங்கே ஒரு முள்கம்பி வேலி, அதற்கு அப்பால் ஜீப் போகிற அளவுக்கு ஒரு மண்தடம். "தடம் இருக்குதுங்க அக்கா. தோட்டக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா முடிஞ்சுதுங்க" என்றார். அதுவரை ஃபோனில் அந்த ஒரு வார்த்தை பற்றி அவர் சொல்லியிருக்கவில்லை.

அன்று மத்தியானமே அந்தத் தோட்டக்காரரைப் போய்ப் பார்த்தோம். பெயர் கோவிந்தன். ஐம்பது வயதிருக்கும். வீடு தார்ச்சாலையை ஒட்டி, தோட்டத்தின் வாசலிலேயே இருந்தது. உட்கார வைத்து, காப்பி கொடுத்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, முடியாது என்றார். நடந்து போகிறவர்களை அவர் தடுப்பதில்லை. வண்டித் தடம் மட்டும் கிடையாது. சில வருடங்களுக்கு முன் மேலே நிலம் வாங்கிய ஒருவருக்கு வாய்வார்த்தையில் வழி விட்டிருக்கிறார். அவர் ஜேசிபியைக் கொண்டுவந்து தடத்தை இரண்டு மடங்கு அகலமாக வெட்டிவிட்டார். அடுத்த மழையில் வெட்டிய மண் சரிந்து கீழே இருந்த செடிகளை மூடிவிட்டது. காப்பி போன இடத்தை எங்களுக்குக் காட்டினார். இப்போது அங்கே உண்ணிச்செடிதான் மண்டிக் கிடக்கிறது.

"உங்கள எனக்குத் தெரியாதுங்க. நல்லவங்களாத்தான் இருப்பீங்க. ஆனா வழின்னு ஒருக்கா உட்டுட்டா அப்பறம் அது என்ற நெலம் இல்லீங்க" என்றார்.

நான் அதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். மலருக்கு அது முடியவில்லை. மூன்றாம் நாள் காலை, தரகர் இல்லாமல் நாம் மட்டும் போய் இன்னொரு முறை பார்ப்போம் என்றாள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே ஓடைப் பாதையில் இறங்கினோம். எட்டரை மணி இருக்கும். பனி விலகி வெயில் வந்திருந்தது. எல்லைக் கல் எங்கே என்று பார்க்க மலர் பலா மரத்துக்குப் பின்னால் போய், தாழ்ந்திருந்த ஒரு கிளையை ஒதுக்கினாள்.

அங்கே கதண்டுக் கூடு இருந்திருக்கிறது. பெரிய குளவி வகை அது. மலையில் எல்லோருக்கும் அதன் மேல் பயம் உண்டு, எங்களுக்குத்தான் தெரியவில்லை. அவள் அலறிக்கொண்டு ஓடிவந்தபோது தலையைச் சுற்றி அவை மொய்த்துக்கொண்டிருந்தன. என் துப்பட்டாவால் விரட்டப் போய் எனக்கும் கையில் இரண்டு கடி. வேலிக்கு அந்தப் பக்கம் களை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். ஒருவர் சாக்கை வீசி மலரின் தலையை மூடச் சொன்னார், மற்றவர் கோவிந்தனைக் கூப்பிட ஓடினார். கூட்டிலிருந்து விலகி வேலி ஓரம் வருவதற்குள் மலரின் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. கொஞ்ச நேரத்தில், மூச்சு இழுக்க முடியவில்லை அக்கா என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு அந்த ஓடைப் பாதையில் ஏற முடியாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை.

ஜீப் வரும் சத்தம் கேட்டது. கோவிந்தன் இறங்கி, கையில் கொண்டுவந்த கட்டிங் பிளேயரால் வேலிக் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். இரண்டு கம்பிக்கால்களைச் சாய்த்துவிட்டு ஜீப்பை நிலத்துக்குள்ளேயே ஓட்டி வந்தார். மலரைப் பின்னால் படுக்கவைத்தோம். அந்தப் பெண்களில் ஒருவரும் கூட ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் அவர் மலரிடம், "கண்ணத் தொறக்க வேண்டாம் கண்ணு, மூச்ச மட்டும் உடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். டவுன் அரசு மருத்துவமனையில் உடனே ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, டிரிப்ஸ் ஏற்றினார்கள். பகல் பதினொரு மணிக்கு மேல்தான் அவள் சரியாகப் பேசினாள். இன்னும் தாமதமாகியிருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னார். அன்று முழுவதும் கவனிப்பில் வைத்திருந்து, மறுநாள் காலை அனுப்பினார்கள்.

மருத்துவமனையில் இருந்தபோதே செல்வம் ஃபோன் செய்தார். நலம் விசாரித்தார், உண்மையான கவலையோடுதான். பிறகு குரலைத் தாழ்த்தி, இதுதான் நல்ல சமயம், இப்போது கேட்டால் கோவிந்தன் வழி கொடுத்துவிடுவார், வேலியை அவரே வெட்டிவிட்டாரே என்றார். எனக்கு அசிங்கமாக இருந்தது. ஆனால் உள்ளே ஒரு மூலையில் நானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் நாள், ஊருக்குக் கிளம்பும் முன் நன்றி சொல்லப் போனோம். மலரின் முகம் இன்னும் வீங்கியிருந்தது. கோவிந்தன் வீட்டில் இல்லை. தடத்தில் நடந்து போனால், நிலத்தின் எல்லையில் நின்று புதுக் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வேலையை நிறுத்தி, மலரை நிழலுக்கு வரச் சொன்னார், மருந்து சாப்பிட்டாளா என்று கேட்டார். கதண்டுக் கூட்டை அழிக்க ஆள் சொல்லியிருப்பதாகச் சொன்னார். டீசலுக்கும் கம்பிக்குமாகப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

கேட்டது மலர்தான். "அண்ணா, நாங்க இந்த நிலத்த வாங்கினா, வழி விடுவீங்களா?"

அவர் கையுறையைக் கழற்றினார்.

"நேத்து அறுத்தது ஆளுக்குங்க அம்மணி. நெலத்துக்கு இல்லீங்க."

கோபமோ வருத்தமோ இல்லாமல் சொன்னார். மலர் தலையை ஆட்டினாள். கம்பியின் ஒரு முனையை அவர் இழுத்துக் கட்டும்வரை அவளே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கிளம்பினோம்.

அந்த நிலத்தை வாங்கவில்லை. செல்வத்துக்கு ஃபோனில் சொன்னேன். விலையைக் குறைத்துப் பேசித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். மலை ஆசை இத்தோடு போகும் என்றும் நினைத்தேன். ஆனால் மலர் அன்றே சபீரா அக்காவிடம் மாடிப் பகுதி மாத வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டாள். அவர் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே, "கரண்டு போனா சில சமயம் ரெண்டு நாள் வராதுங்க. மார்கழில நொம்ப குளிரும். குரங்கு ஊட்டுக்குள்ளயே வரும். சரின்னா இருங்க" என்றார். வாடகை 6,500, முன்பணம் 30,000.

இனி, நிலம் தேடிப் போகிறவர்களுக்கு. மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லா மலையும் நல்ல மலைதான். வண்டி போகிற வழி கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வாய்வார்த்தை வழி விற்பவரோடு போய்விடும். வில்லங்கச் சான்று எடுப்பதோடு நிறுத்தாமல், அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலமா, அதை வெளியாருக்கு விற்கலாமா என்பதை உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் கேளுங்கள். மலைப்பகுதியில் வீடு கட்டத் தனி அனுமதி விதிகள் இருக்கின்றன, முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரியுங்கள். பக்கத்து நிலத்துக்காரரைத் தரகர் இல்லாமல் சந்தியுங்கள். அவர் 'முடியாது' என்றால், ஏன் என்பதையும் உட்கார்ந்து கேளுங்கள். மரம் செடிக்குள் நுழையும் முன் அங்கே வேலை செய்பவர்களிடம் கதண்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தைக் கையோடு வைத்திருங்கள்.

நான் போன மாதம் போய் வந்தேன். மலர் வாடகை வீட்டில் ஏழாவது மாதமாக இருக்கிறாள். துணி காய மூன்று நாள் ஆகிறது, மீன் வாங்க டவுனுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். பிறகு, திரும்பி வரும் எண்ணமில்லை என்றாள். காப்பி பறிப்புச் சமயத்தில் கோவிந்தன் தோட்டத்தில் எடை பார்த்து எழுத ஆள் குறைந்தபோது அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார். கூலிக்குத்தான் போனாள்.

அவளுடைய பங்குப் பணம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. சேலத்திலிருந்து நிலம் பார்க்கக் காரில் வருகிறவர்கள் சபீரா அக்கா கடை வாசலில் நிறுத்தி, இந்தப் பக்கம் சென்ட் என்ன விலை போகிறது என்று மலரிடம் கேட்கிறார்களாம். தெரியாது என்று சொல்லி, உள்ளே வந்து முதலில் ஒரு டீ குடிக்கச் சொல்கிறாளாம்.