மீதி நின்றவள்

ஒரு சாவுக்குக் கை தட்டிய மடையன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இன்று கும்மிடிப்பூண்டிச் சந்தையில் காய்ந்த இறால் வாசம் மூக்கிலேறியதும், எப்போதோ தொழிற்சாலை மதிலுக்குள் போய்விட்ட எங்கள் ஏரிக்கரைப் பள்ளிக்கூடம் கண்முன் வந்து நின்றது. வகுத்தல் கணக்குக்கு வாத்தியார் எங்களையே மணலில் வரிசை கட்டுவார். இருபத்துமூன்று பேரை எத்தனை வரிசையாக நிறுத்தினாலும் சமமாக வராது, "பகா எண்டா இது" என்று அவர் சலித்துக்கொள்ளும்போது, இறால் வாசமடிக்கும் பாவாடையோடு பொன்னி சிரித்துக்கொண்டே விலகி நிற்பாள்.

"நான் பூட்டா உங்களுக்குச் சரியா வந்துடும்டா!"

ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போனவள் திரும்பாத மறுவாரம், பதினொன்று பதினொன்றாக இரண்டு வரிசை பிசகாமல் அமைந்தது. வாழ்நாளில் முதல்முறையாகக் கணக்கு விளங்கிய பூரிப்பில், "சார், சரியா வந்துட்ச்சு!" என்று கை தட்டினேன். வரிசைகளுக்கு நடுவே ஏரிக்காற்று மட்டும் போய்வந்தது. அன்றுமுதல் எது சமமாகப் பிரிந்தாலும் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ வைத்துவிடுவேன். இட்லியைக்கூட ஐந்து, ஏழு என்றே தின்கிறேன், தொப்பை அந்தக் கணக்கில் வந்ததுதான்.

இறால் விற்றுக்கொண்டிருந்தவள் கூடப் படித்த நாகம்மா.

"நம்ம கிளாஸ்ல எத்தினி பேரு நாகம்மா, இருபத்திரெண்டுதானே?" என்று கேட்டேன்.

தராசிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:

"இருபத்திமூணு."