ஒருக்கால் தொட்டுப் பார் மச்சான்

போன வருடம் சித்திரை விடுமுறை முடிந்து கந்தோரில் வேலை தொடங்கிய நாள் அது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் எங்கள் பிளாட். காலையில் அவசரமாகச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, இடப்பக்கத் தாடைக்குக் கீழே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கடலை அளவில் ஒரு கட்டி. அமுக்கினால் நழுவி ஓடியது. வலப்பக்கம் தேடிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் இடம் கிடைத்ததும் போனை எடுத்துத் தேடினேன். முதலில் வந்த பக்கமே, சளி, தடிமன் வந்து போனவர்களுக்கு இப்படி வருவது சாதாரணம் என்றுதான் சொன்னது. எனக்கும் இரண்டு கிழமைக்கு முன்தான் தடிமனும் தொண்டைநோவும் வந்து போயிருந்தன. ஆனாலும் அந்த வரியில் என் கண் நிற்கவே இல்லை. பயமான வரி ஒன்று கிடைக்கும்வரை கீழே கீழே போய்க்கொண்டிருந்தேன். அது கிடைத்ததும்தான், தேடியதைக் கண்டுபிடித்த ஆள்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். மனிதனுடைய மூளை ஏன் இப்படி வேலை செய்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு விசித்திரமாகத்தான் இருக்கிறது.

பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் அது கான்சர் என்று முடிவாகிவிட்டது. கொள்ளுப்பிட்டியில் மனைவி விதவையானாள். கோட்டை வரும்போது நான் என்னுடைய மரண அறிவித்தலை எழுதத் தொடங்கியிருந்தேன். எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் உங்களுக்குத் தெரியும்தானே. எங்கே பிறந்தார், எங்கே வசித்தார், யாருடைய மகன், யாருடைய மருமகன், கனடாவில் யார், லண்டனில் யார் என்று எல்லாரையும் வரிசையாக அடுக்க வேண்டும். மனைவியின் மூத்த தமையனோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவருடைய பெயரைப் போடுவதா விடுவதா என்பதில் சிக்கிக்கொண்டேன். சாகப்போகிற கவலையைவிட அந்தக் கவலை பெரிதாக இருந்ததால், இறங்க வேண்டிய இடத்தையும் தவறவிட்டேன்.

அன்று மாலையே எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்ப டொக்டரிடம் போனேன். அவர் கழுத்தைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார்.

“இது நெறி கட்டியிருக்கு. தானா வத்தும். தொட்டுக்கொண்டிருக்காமல் ஒரு மாசத்தாலை வந்து காட்டுங்கோ. அதுக்குள்ளை பெருத்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனை வாங்கோ” என்றார்.

நல்ல தெளிவான பேச்சு. ஆனால், ஒரு மாதம் பார்க்கச் சொல்கிறாரே, அப்படியென்றால் அவருக்கும் சந்தேகம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. கொழும்பில் எந்த ஸ்பெஷலிஸ்ட்டையும் யாருடைய கடிதமும் இல்லாமல் நேரே காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்க்கலாம். அதாவது வருத்தத்தை நாமே தீர்மானித்துக்கொண்டு, அதற்குரிய டொக்டரைத் தேடிப் போகலாம். நான் போனது புற்றுநோய் ஸ்பெஷலிஸ்ட்டிடம். யார் அனுப்பியது என்று அவர் கேட்டார். நானேதான் அனுப்பினேன் என்றேன். மனிதர் சிரிக்காமல் ஒரு ஸ்கான் எடுக்கச் சொன்னார். அதிலும் பயப்பட ஒன்றுமில்லை என்றே வந்தது.

அந்த ஆறுதல் ஆஸ்பத்திரி வாசலில் இருந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் தாங்கியது. பஸ் வருவதற்குள், ஸ்கானில் தெரியாத வகையும் இருக்குமோ என்று யோசித்தேன். கை தானாகக் கழுத்துக்குப் போனது. அன்றுதான் முதல் முறையாக அது நொந்தது.

வீட்டில் மனைவியின் கையைப் பிடித்து நாளுக்குப் பல தரம் அந்த இடத்தில் வைத்துக் கேட்பேன். நேற்றைவிடப் பெரிதா? கொஞ்சம் கல்லுப்போல இருக்கிறதா? அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் வெடித்தாள்.

“இஞ்சை பாருங்கோ, இனி என்ரை கையை இழுத்துக் கழுத்திலை வைச்சியள் எண்டால் நான் அம்மா வீட்டை போயிடுவன். எனக்கு என்ன தெரியும்? நான் டொக்டரே?”

வீட்டில் கதவு அடைபட்டதால் கந்தோரில் ஆள் தேடினேன். கொச்சிக்கடையில், துறைமுகத்துக்கு வரும் கொள்கலன்களை விடுவித்துக் கொடுக்கும் ஒரு சிறிய கொம்பனியில் வேலை செய்கிறேன். எனக்கு எதிர் மேசையில் இருந்தவன் கொம்பனித்தெருக்காரன், ‘இருக்குது’ என்பதை ‘ஈக்குது’ என்றும் ‘சொல்லு’ என்பதைச் ‘செல்லு’ என்றும் பேசுகிற ஆள், என் வயதுதான், நெடுநாள் சிநேகிதன். அவனைப் போல நிதானமான ஆளை நான் கண்டதில்லை. சாமான் துறைமுகத்தில் தேங்கி, முதலாளி கத்தினாலும் அசையமாட்டான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், “ஒருக்கால் தொட்டுப் பார் மச்சான்” என்று கழுத்தைக் காட்டினேன்.

அவன் தொட்டான். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கத் தன் கழுத்தைத் தொட்டான். அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று தேடினான். திடீரென்று விரல் நின்றது.

“எனக்கும் ஒண்டு ஈக்குதுடா” என்றான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரேயடியாகக் கான்சர் வராதுதானே என்று நினைத்து அன்று மீன்குழம்போடு நன்றாகச் சாப்பிட்டேன். அவன் தன் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்த கையோடு மூடிவைத்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை.

அவனுக்கு அப்போது கட்டாரில் ஒரு வேலை சரிவந்திருந்தது. மூத்த மகள் கம்பஸுக்குப் போக இருந்தாள். குடியிருந்த பழைய வீட்டை மாடிக் கட்டடத்துக்காக இடிக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. அந்த வேலையை நம்பித்தான் குடும்பமே இருந்தது. மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. எப்போது மெடிக்கல் என்று கேட்டால், அடுத்த கிழமை என்பான். அடுத்த கிழமை கேட்டாலும் அதையே சொல்வான்.

ஒரு நாள் அவன் துறைமுகத்துக்குள் போயிருந்த நேரம் கந்தோர் போன் அடித்தது. நான் எடுத்தேன். வெளிநாட்டு வேலை ஏஜென்ட். இரண்டு தரம் நாள் கொடுத்தும் இவர் வரவில்லை, இந்த வெள்ளிக்கிழமைக்குள் மெடிக்கல் செய்யாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார். ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

அவனை அந்தோனியார் கோயிலுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். பிளேன்ரீயைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான்.

“நெஞ்சுப் படம் எடுப்பாங்க, ரெத்தம் பாப்பாங்க. ஈக்குதெண்டு செல்லிட்டா நான் என்னடா செய்ற? தெரியாம ஈந்தா புள்ளைக்கு ஒழச்சாச்சும் குடுக்கலாம்.”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயம் ஒன்றுதான். அது என்னை டொக்டர் டொக்டராக ஓட வைத்தது, அவனை எந்த டொக்டரின் வாசலையும் மிதிக்கவிடாமல் பிடித்து வைத்தது. நான் உடனே பெரிய டொக்டர்போல விளங்கப்படுத்தத் தொடங்கினேன். தடிமன் வந்தால் நெறி கட்டும், தேடித் தேடி அமுக்கினால் யாருக்கும் ஏதாவது தட்டுப்படும், அமுக்க அமுக்க நோகும், நோவதால் திரும்ப அமுக்குவோம், ஒன்றை நினைத்தால் மனம் கடைசி முடிவுக்கே தாவிவிடும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அவ்வளவு நியாயமாகப் பட்டது.

அவன் முழுவதையும் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“நீ செல்றதெல்லாம் செரி மச்சான். அப்ப ஒண்ட கை எங்க ஈக்குது?”

என் கை கழுத்தில் இருந்தது. அவனுடைய கையும் அவன் கழுத்தில்தான் இருந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கடைக்கார மல்லிப் பையன் திரும்பிப் பார்த்தான்.

அன்று மாலையே அவனை எங்கள் குடும்ப டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவனுடைய கழுத்தைச் சோதித்து, சந்தேகப்பட ஒன்றும் தெரியவில்லை, தயங்காமல் மெடிக்கலுக்குப் போகலாம் என்றார். பிறகு என் கழுத்தைப் பார்த்து, “இதென்ன, தோல் இப்பிடிச் சிவந்து போச்சு? நான் தொடவேண்டாம் எண்டெல்லே சொன்னனான்” என்று ஏசினார்.

அதன்பிறகு நாங்கள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். கந்தோரில் யாருடைய கை கழுத்துக்குப் போனாலும் எதிரில் இருப்பவர் தொண்டையைச் செரும வேண்டும். முதல் நாள் செருமிச் செருமியே இரண்டு பேருக்கும் தொண்டை வறண்டது. புதிதாக வேலைக்கு வந்திருந்த பிள்ளை, இரண்டு பேரும் மாஸ்க் போட்டுக்கொண்டால் நல்லது என்று முதலாளியிடம் முறையிட்டாள். என் கை இத்தனை தரம் எனக்குத் தெரியாமலே மேலே போகிறது என்பதை அப்போதுதான் கண்டேன்.

வெள்ளிக்கிழமை நானும் லீவு போட்டுவிட்டு அவனோடு போனேன். மெடிக்கல் செய்யும் இடத்து வாசலில் அவன் நின்றுவிட்டான். முகம் வியர்த்திருந்தது.

“வா, திரும்பிப் போவோம். இல்லாட்டி ஒண்டுமில்லெண்டு நீ செல்லு, உள்ளுக்குப் போறன்” என்றான்.

ஒன்றுமில்லை என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தச் சொல்லை எத்தனை பேர் எனக்குச் சொன்னார்கள்! அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பஸ் தரிப்பிடம் வரைக்கும்தான்.

“அது எனக்குத் தெரியாது மச்சான். உனக்கும் தெரியாது. தெரியாமலே உள்ளுக்குப் போ. நான் இந்த வாசல்லயே நிப்பன்” என்றேன்.

அவன் என் தோளை ஒருதரம் இறுக்கிப் பிடித்துவிட்டுப் படியேறினான். உச்சி வெயிலில் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மெடிக்கல் பாஸ் என்று பிறகு செய்தி வந்தபோதுகூட அவ்வளவு கலங்கவில்லை.

டொக்டர் சொன்ன ஒரு மாதம் முடிந்ததும் நானும் போய்க் காட்டினேன். வற்றிவிட்டது, இனி வரத் தேவையில்லை என்றார். அதற்குப் பிறகு தொடவே இல்லை என்று சொன்னால் அது பொய். சில நாட்களில் கை போகும். போகிறது என்று தெரிந்ததும், இப்போது எந்தக் கதையை எழுதப் போகிறாய் என்று மனத்தை வேடிக்கை பார்ப்பேன்.

போன மாதம் அவன் கட்டாரில் இருந்து கதைத்தான். மகளின் கம்பஸ், அங்கத்தைய வெக்கை, என் மனைவியின் தமையனோடு நாங்கள் சமாதானமான விதம் என்று பேச்சு நீண்டது. போனை வைத்த பிறகுதான், இரண்டு பேருமே மற்றவரின் கழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. எத்தனை டொக்டர்கள் பதில் சொன்னாலும் அடங்காத ஒரு கேள்வி, கேட்க மறந்த நாளில் அடங்கிப் போயிருந்தது.