கேட்காமல் செய்த மாற்று

நெட்போல் எனும் வலைப்பந்தில், ஊர்விட்டு வந்தவர்கள் லண்டனில் நடத்தும் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குக் கோல் போடுகிறவள் நான். லண்டன் தமிழ்ச் சங்கங்களில் என்னை விஞ்ச ஆளில்லை என்று நான் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். கலியாணமான அடுத்த மாதம், வெம்பிளியில் ஒரு தேநீர்க் கடையில் வைத்துச் சங்கத் தலைவர் சர்வசாதாரணமாகச் சொன்னார்.

“பிள்ளை, இனி நீர் மனுசன்ரை ஊருக்கு விளையாடும். அவையின்ரை ஷூட்டர் எங்கடை ஊரிலை கலியாணம் முடிச்சவா. அவா எங்களிட்டை வாறா. கதைச்சு முடிச்சிட்டம்.”

எங்கள் சங்கங்களில் இது எழுதாத வழக்கம். ஆண்கள் மட்டும் கலியாணம் கட்டி ஊர் மாறுவதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விளையாட்டு வீரர்களுக்கு ஒப்பந்தம் எழுதும் சட்ட அலுவலகத்தில் எனக்கு வேலை. அமெரிக்கக் கூடைப்பந்தில் ஓர் அணி தன் வீரரைக் கேட்காமலே வேறு அணிக்கு மாற்றிவிடலாம். ‘என் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது’ என்ற வரி மிகச் சிலரின் ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

“என்னைக் கேக்காமல் மாத்தக்கூடாது எண்ட வரி எனக்கும் இருக்கு, அங்கிள். நான் போகமாட்டன்.”

“எங்கை எழுதிக் கிடக்கு?”

“இப்ப சொல்லுறன், எழுதுங்கோ.”

நான் விடாப்பிடியாக நின்றதில் மாற்று நின்றுபோனது. வென்ற களிப்பில் அந்த மற்றப் பெண்ணுக்கு போன் எடுத்தேன்.

“உம்மையும் காப்பாத்திப்போட்டன்.”

“ஐயோ அக்கா, நான் வரத்தானே ஆசைப்பட்டனான்! உங்கடை ஊரிலை கலியாணம் முடிச்சதிலையிருந்து இங்கை என்னை இறக்கிறதே இல்லை.”

ஒருவர் மறுத்தால் இன்னொருவரின் வழியும் அடைபடும். அலுவலகத்தில் அடிக்கடி பார்ப்பதுதான், என் விஷயத்தில் தோன்றவில்லை. உடனே தலைவரை அழைத்தேன்.

“மாற்று வேண்டாம். அவாவையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.”

“வளையத்துக்குக் கீழை நிக்கிறது ஒராள்தானே, பிள்ளை?”

“நல்லாப் போடுறவ நிக்கட்டும்.”

நான்தான் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்தில் நடந்த போட்டியில் என் கணவரின் ஊர்தான் எங்களுக்கு எதிரணி. எங்கள் தலைவர் எனக்குப் பதிலாக அவளை இறக்கினார். என்னைவிட உயரம், போட்ட பந்தெல்லாம் உள்ளே விழுந்தது. ‘சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது’ என்ற வரி ஆளை அணியில் வைத்திருக்கும், ஆட்டத்தில் இறக்காது. எரிச்சலோடு கோட்டுக்கு வெளியே நின்று, தொண்டை கட்டும்வரை அவளுக்காகக் கத்தினேன்.

எதிரணியின் தலைவர் பக்கத்தில் வந்தார். “எங்களிட்டை வந்திருந்தால் இப்ப விளையாடிக்கொண்டிருப்பீர், பிள்ளை.”

“ஓம்,” என்றேன். “என்னைக் கேட்டிருந்தால் வந்திருப்பன்.”