ஃபர்ஹீன் பார்த்த படங்கள்

உத்தமபாளையம் கடைவீதியில் என் தையல் கடைக்கும் நூர் முகம்மது பாயின் சிடி கடைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். நான் இந்தப் பக்கம் ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் ஓடும் படத்தின் வசனம் முழுக்க என் காதில் விழும். அதனால் பாயின் மகள் ஃபர்ஹீனைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஊரில் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள்.

பாய் நல்ல மனிதர். ஆனால் படம் போட்டால் பெயர் ஓடி முடிவதற்குள் குறட்டை விடுவார். இரண்டாயிரத்து ஒன்றில் மகளின் படிப்பைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தி, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் உட்கார வைத்தார். "சும்மா இருக்குற நேரத்துல புதுசா வர்ற சிடியப் பாத்துச் சொல்லுத்தா. கேக்குறவுகளுக்குப் பதில் சொல்லணும்ல" என்றார். கேட்கிறவர்கள் எல்லாரும் தாய்மார்கள். கேள்வியும் ஒன்றுதான்: "புள்ளைகளோட உக்காந்து பாக்கலாமா?"

அடிதடிப் படத்துக்கு இந்தக் கேள்வி வராது. கை துண்டாகப் பறந்தாலும் பிள்ளைகள் முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்க்கலாம்; அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. காதலும் சிரிப்பும் கலந்த படம் என்றால்தான் தாய்மார்கள் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத இடம் வந்து நிற்கும்.

அந்த இடத்தை ஃபர்ஹீன் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். "ரெண்டாவது சிடி ஆரம்பத்துல ஒரு பாட்டு வரும் மாமி. அந்நேரம் ரிமோட்டக் கையில வச்சுக்கங்க" என்பாள். கடைக்குள் ஆம்பளைகள் நிற்பார்கள் என்று பெண்கள் பின்வாசலுக்கே வருவார்கள். அவர்களில் வாரம் தவறாமல் வந்தவர் ஜெய்த்தூன் பீவி, ஏலக்காய் வியாபாரியின் மனைவி. இரண்டு பெண் பிள்ளைகள், அவர்களுக்கு மூத்தவன் அஷ்ரப்.

ஒருமுறை ஃபர்ஹீன் அவரிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "முத்தம் கித்தம் ஒண்ணுமில்ல மாமி. ஆனா அந்தப் பொண்ணு வேணாம் வேணாங்குது, அவன் பின்னாடியே போறான். எல்லாரும் சிரிக்கிறாக. கடைசில அதுவும் சரிங்குது. உங்க பொம்பளப் புள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆம்பளப் புள்ளைக்குத்தான் இது வேணாம்."

ஜெய்த்தூன் அந்தப் படத்தை எடுக்கவில்லை. "வெவரமான புள்ளத்தா நீ" என்று அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அப்புறம் வந்த நாட்களில், "எங்க வீட்டுக்கு வரவேண்டிய புள்ள" என்று அந்த வாசற்படியிலேயே நின்று சொல்ல ஆரம்பித்தார். ஃபர்ஹீன் அதை நம்பினாள். அஷ்ரப் சிடியைத் திருப்பிக் கொடுக்க வந்தால் பலகைக்கு அந்தப் பக்கம் டிவிச் சத்தம் குறையும். அவனைப் பிடித்திருக்கிறது என்று என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள். சொன்னால் என்ன? பெரியவர்கள் வாயால் வந்த ஆசைதானே.

பெண் பார்க்க வந்த அன்று அவளுக்குத் தைத்த சுடிதாரை நானே மாட்டிவிட்டேன். ஜெய்த்தூனோடு கம்பத்திலிருந்து அவருடைய நாத்தனாரும் வந்திருந்தார். டீ குடிக்கும்போது ஜெய்த்தூன் பெருமையாகத்தான் ஆரம்பித்தார். "எங்க தெருப் புள்ளைக ஒழுங்கா வளருதுன்னா இவளாலதான். இவ பாக்காத படமே இல்ல."

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தார். "எல்லாப் படமுமா? ஆகாதுன்னு சொல்லுற படத்தையுமா பாக்குது?"

"பாத்தாத்தான மாமி ஆகாதுன்னு சொல்ல முடியும்" என்றாள் ஃபர்ஹீன். அன்றைக்கு அவள் பேசியதே அவ்வளவுதான்.

"நல்லாருக்கு. நாம பொண்ணு பாக்க வந்தா, பொண்ணு நமக்கு முந்தி எல்லாத்தையும் பாத்து முடிச்சிருக்கு" என்றார் நாத்தனார். வந்த பெண்கள் சிரித்தார்கள். ஜெய்த்தூனும் சேர்ந்து சிரித்தார். கம்பத்துக்காரியை விட்டுத் தள்ளுங்கள். ஜெய்த்தூனின் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பையனுக்கு இப்போது அவசரமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அவசரமில்லாத பையனுக்கு அடுத்த மாதமே கூடலூரில் பெண் எடுத்தார்கள். பெயர் சாதியா. அவள் வீட்டில் டிவியே கிடையாதாம். அதை நகைக்கணக்குப் போல ஊரெல்லாம் சொன்னார்கள். ஃபர்ஹீனுக்கு 'படமெல்லாம் பாத்த புள்ள' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வாசலில் பெண் கேட்டு வேறு யாரும் வரவில்லை. படம் கேட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். அவள் பார்த்துச் சொன்னதை வைத்துத் தங்கள் பிள்ளைகளைச் சுத்தமாக வளர்த்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வீட்டில் பெண் தேடினார்கள்.

பாய் அதற்குப் பிறகு தானே படம் பார்க்க உட்கார்ந்தார். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இனிமேல் விழித்திருந்து என்ன கிழிக்கப் போகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பெருநாள் கழிந்து ஒரு மத்தியானம் ஜெய்த்தூன் பின்வாசலில் வந்து நின்றார். நான் அங்கேதான் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். "மருமக மொத மொதல்ல படம் பாக்கணுங்குறா. எம் பொண்ணுக, கொமரிக ரெண்டு பேரும் கூட இருக்காக. சிரிக்கிற மாதிரி இருக்கணும்" என்று சொல்லி, பாயிடம் வாங்கி வைத்திருந்த ஒரு சிடியை நீட்டினார். "இத உக்காந்து பாக்கலாமாத்தா?"

எனக்கு அந்தப் படம் தெரியும். புதுசாகக் கட்டிக்கொண்ட ஜோடி மாமியாரைப் பைத்தியக்காரி ஆக்கி, கடைசியில் தனிக்குடித்தனம் போகும். படம் முழுக்க மாமியார் விழுந்து எழுந்திருப்பதுதான் காமெடி.

ஃபர்ஹீன் சிடி உறையைத் துப்பட்டா முனையால் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "தெரியல மாமி. நான் படம் பாக்குறதில்ல" என்றாள்.

"வெளையாடாதத்தா. நீ பாத்திருப்ப."

"இல்ல மாமி." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெய்த்தூன் கதவை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மகாலட்சுமி, ஒனக்குத்தான் கடையில இருந்தே வசனமெல்லாம் கேக்குமே. நீ சொல்லு."

"நல்ல படம்க்கா. மருமகளப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தாராளமாப் பாருங்க" என்றேன்.

அவர் சந்தோஷமாகச் சிடியை எடுத்துக்கொண்டு போனார். அதனால் ஃபர்ஹீனுக்கு நல்லது ஒன்றும் நடந்துவிடவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கியது.