நர்ஸம்மாவின் உறைக்கத்தி

எழுபதுகளின் கடைசியில் எனக்குத் துணை நர்ஸ் வேலை கிடைத்தது. சங்கரன்கோவிலில் ஓர் அறை எடுத்துத் தங்கி, குருவிகுளம் பக்கத்துக் கிராமங்களுக்குப் பஸ்ஸில் போய்வர வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு மைல் கரிசல் காட்டில் தனி நடை. நான் வயல்காட்டு ஊர்க்காரி. வரப்புக்கு ஒரு ஆள் குனிந்து நிற்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு, கண்ணுக்கெட்டிய வரை ஒரு தலை தெரியாத அந்த வெட்டவெளியில் நடக்கவே பயம். பாம்பு, ஆட்டுக்கிடை நாய், ஆம்பளை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே கத்தி வாங்குவதென்று முடிவு செய்தேன். அப்பேர்ப்பட்ட மூளை எனக்கு!

தேரடிப் பக்கம் இருந்த இரும்புக்கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். மடக்குக்கத்தி வேண்டாம், ஆபத்தில் அது என் விரலைத்தான் மடக்கும். முதுகு கனமாக இருக்க வேண்டும். அலகும் பிடிக்குள் இருப்பதும் ஒரே இரும்பாக, பிடியின் அடிவரை ஓட வேண்டும். தரையில் தட்டிப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன், காதருகே வைத்துச் சுண்டிக்கூடப் பார்த்தேன்.

கடைக்கார அண்ணாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னத்த வெட்டப் போறிய தாயி?" என்றார்.

"பலாப்பழம்."

"பலாப்பழத்துக்கா இந்தப் பாடு படுத்துதிய?"

கடைசியில் முழங்கை நீளத்துக்கு ஒன்றைத் தோலுறையோடு வாங்கிவந்தேன். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உறையிலிருந்து சரேலென்று உருவிப் பழகினேன். ஐந்தாம் தடவை தலையணை கிழிந்தது. அதன்பிறகு பல நாள் அது மாங்காய் மட்டும்தான் நறுக்கியது.

கத்தி என் பைக்குள் அடங்கவில்லை. அடங்க வைப்பதற்காக ஒருநாள் பிரசவச் சாமான் டப்பாவை வெளியே எடுத்து வைத்தேன். தொப்புள்கொடி வெட்டுகிற கத்தரிக்கோல் அதில்தான் இருந்தது. அன்றைக்குத் தடுப்பூசிக் கணக்கெடுப்பு மட்டும்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

வந்தது. நடுப்பகலில் ஊருக்குள் நுழைந்ததுமே ஒரு பெண்மணி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் மருமகளுக்கு நாள் இருந்தும் வலி கண்டுவிட்டது. நான் உள்ளே போன கால்மணி நேரத்தில் ஆண்பிள்ளை பிறந்து, வீறிட்டு அழுதது. எல்லாம் சுகம். கொடியை வெட்டப் பைக்குள் கைவிட்டபோதுதான் எனக்கு உயிர் போயிற்று.

மாமியார் கதிர் அரிவாளை எடுத்து நீட்டினாள். கொடியை அரிவாளால் வெட்டாதீர்கள், விஷம் ஏறி ஒரு வாரத்துக்குள் பிள்ளை வாய்திறந்து பால் குடிக்க முடியாமல் விறைத்துப் போகும் என்று அந்த ஊரில் வீடு வீடாகச் சொன்னவளே நான்தான். புது பிளேடு கேட்டேன். ஊரில் கடையே கிடையாது. கடைசியில் அசடு வழிய என் கத்தியை வெளியே எடுத்தேன். அறைக்குள் இருந்த பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அந்தக் கத்தியைப் பார்த்துப் பயந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

பிள்ளையைத் துணியில் பொதிந்து தாயின் வயிற்றின்மேல் போட்டுவிட்டு, சோற்றுப்பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். கட்டுவதற்கு நூலையும் அதில் போட்டேன். கத்தி முழுவதும் முங்கவில்லை. பிடியைத் துணியால் பிடித்துக்கொண்டு ஆவியில் வெந்தபடி இருபது நிமிஷம் நின்றேன்.

"ஏ நர்ஸம்மா, பிள்ளையைப் பாக்கப் போறியளா, கத்தியைச் சமைக்கப் போறியளா?" என்று மாமியார் கத்தினாள்.

கொடியில் இரண்டு இடத்தில் கட்டி நடுவில் வெட்டினேன். எதையும் தாங்கும் என்று ஒரு மணி நேரம் பார்த்து வாங்கிய அந்தத் தடிக்கத்தி கொடியில் வழுக்கியது. மூன்று தடவை அறுத்தேன்.

கிளம்பும்போது கத்தியைக் கேட்டேன். மாமியார் தரவில்லை. "பிள்ளைத் தலமாட்டுல இரும்பு கெடக்கணும்லா? எட்டு நாள் கழிச்சு வாங்கிக்கிடுங்க. காத்துக் கருப்பு அண்டாது." இதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஊரெல்லாம் சொல்கிற நான், அன்றைக்குக் கத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் தினமும் போனேன், வெறுங்கையோடு. கிடைநாய் குரைத்ததா, யாராவது பின்னால் வந்தார்களா, ஒன்றும் நினைவில் இல்லை. பிள்ளை பால் குடிக்கிறதா என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சுண்டுவிரலை அதன் வாயில் வைப்பேன். சப்பும். அன்றைய சோறு அதற்குப் பிறகுதான் எனக்கு இறங்கும்.

எட்டாம் நாள் சுண்டுவிரலைப் பிய்த்து எடுப்பதுபோல் சப்பினான். நான் அழுதுவிட்டேன். மாமியார் கத்தியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, இரும்பைக் கைக்குக் கை தரக்கூடாதென்று தரையில் வைத்தாள்.

"நல்லவேளை தாயி, கத்தியைக் கொண்டாந்திய. இல்லன்னா எங்க பிள்ளை என்ன ஆயிருக்கும்?"

பிள்ளையைப் பெற்றவள் கண்கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள். கத்திக்கு இடம் பண்ணத்தான் கத்தரிக்கோலை விட்டுவந்தேன் என்ற உண்மையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் பதிலுக்குக் கும்பிட்டேன்.

அறைக்கு வந்து பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். முதலில் டப்பாவை வைத்தேன். கத்திக்கு இடமில்லை.