கேஷியரம்மா கொடுத்த புகார்

கோவிலில் அன்று நீண்ட அர்ச்சனை வரிசை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தேங்காய், பழத் தட்டோடு நின்றவர்கள் எல்லோரும் ஒரே நிதி நிறுவனத்தில் பணம் போட்டு ஏமாந்தவர்கள். ஜெயிலில் இருந்த அதன் முதலாளிக்கு ஜாமீன் கிடைக்க வேண்டும் என்று அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தார்கள். அவருடைய நட்சத்திரம்கூட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நிறுவனத்துக் கேஷியரம்மா பிராகாரத்தில் நுழைந்ததும் பேச்சு நின்றது.

"வந்துட்டாங்கபா, நம்ம குடியக் கெடுத்த மகராசி" என்றாள் எங்கள் தெருக்காரி ஒருத்தி. "நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா இந்த மாசமும் வட்டி வந்திருக்கும்மா."

"வந்திருக்கும்க்கா. அடுத்த தெருக்காரங்க பணத்துலேர்ந்து வந்திருக்கும்" என்றார் கேஷியரம்மா.

நான் அந்த நிறுவனத்தின் வாசலில் காவலுக்கு நின்றவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பணத்தைத் தங்க வியாபாரத்தில் போட்டுப் பெருக்குவதாக முதலாளி சொன்னதை நம்பி, ஓரிக்கையில் இருந்த மனையை விற்று நானும் கட்டியிருந்தேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த கேஷியரம்மாவுக்குத்தான் முதலில் உறைத்தது. காலையில் புதியவர்கள் கட்டும் பணமே மாலையில் பழையவர்களுக்கு வட்டியாகப் போகிறது. வேறு எங்கிருந்தும் ஒரு பைசா வருவதில்லை. முதலாளியிடமே கேட்டார். அவர் சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னார். கேஷியரம்மா நேராகப் போலீசுக்குப் போனார்.

முதலாளியைப் பிடித்து, ஆபீசுக்குச் சீல் வைத்தார்கள். வேலையில் ஏற்பட்ட கோபத்தில் பழி போடுகிறாள் என்றார் அவருடைய வக்கீல். பணம் போட்டவர் ஒருவராவது புகார் கொடுத்தால்தான் வழக்கு நிற்கும் என்றார் இன்ஸ்பெக்டர். புகார் கொடுத்தவனுக்குப் பணம் கிடையாது என்று முதலாளியின் ஆட்கள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்கள். கேஷியரம்மா வீடு வீடாக ஏறி இறங்கினார். அன்று கோவில் வரை வந்ததும் அதற்காகத்தான். யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மனை போனது போயிடுச்சு" என்றாள் என் மனைவி. "இந்தம்மா ஒத்தையா நின்னுக்கினு இருக்குது. போயா."

போனேன். ஸ்டேஷனில் எனக்கு வார்த்தை பாதி பாதியாகத்தான் வந்தது. கேஷியரம்மா எடுத்துக் கொடுக்கவில்லை; நானாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. பணம் வரவில்லை. காஞ்சிபுரத்தில் யாரும் வேலை கொடுக்காததால் கேஷியரம்மா வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலைக்குப் போய் வருகிறார். போன வாய்தாவில் நாங்கள் இருவரும் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ஜாமீனில் வந்துவிட்ட முதலாளி காரிலிருந்து இறங்கினார். எங்கள் தெருக்காரர்கள் எழுந்து கும்பிட்டார்கள். அவருக்குத் தினமும் கதவு திறந்துவிட்ட பழக்கத்தில் நானும் பாதி எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கண்ணே" என்றார் கேஷியரம்மா, என் பக்கம் திரும்பாமலே.

உட்கார்ந்தேன்.